விவாகரத்துக்கு நல்ல நேரம்

கல்யாணம் செய்யும்போது நம் சட்டம் பெரிதாக ஒன்றும் கேட்காது. வயது சரியாக இருந்தால் போதும். பிரிய வேண்டும் என்றால்தான் அதற்கு அக்கறை பொத்துக்கொண்டு வரும். இருவரும் மனமொத்துக் கேட்டாலும் முதலில் ஒரு வருஷம் பிரிந்து இருந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பிறகு இன்னும் ஆறு மாதம் ஆறப்போட வேண்டும். அப்புறம் இருவரும் நேரில் வந்து, இப்போதும் சம்மதம்தான் என்று சொல்ல வேண்டும். அதுவரை யார் வேண்டுமானாலும் மனம் மாறலாம் என்றார் வக்கீல். எனக்குப் பயமே அதுதான்.

ஏனென்றால் என் கணவருக்கு மனம் என்று தனியாக ஒன்று கிடையாது. கம்பத்தில் திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிப்பதிலிருந்து நான் வேலைக்குப் போவது வரை எல்லாவற்றுக்கும், "அம்மாட்டக் கேட்டுச் சொல்றேன்" என்பார். பிரிவதற்கும் கேட்டுத்தான் சம்மதித்தார். மாமியாரோ நேரத்துக்கு ஒரு பேச்சு.

எங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த பெரியப்பாதான் பிரித்துவிடவும் தலைமை தாங்கினார். வக்கீல் ஆடியிலேயே மனுப் போடலாம் என்றதற்கு, "ஆடியில எந்தக் காரியமும் தொடங்கக் கூடாதுத்தா" என்று ஆவணிக்குத் தள்ளினார். என் விவாகரத்து ஒரு வளர்பிறை முகூர்த்தத்தில் தொடங்கியது.

கடைசி வாய்தா மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. வடுகபட்டியிலிருந்து பெரியகுளம் கோர்ட்டுக்குக் காரில் போனோம். வாசலுக்கு வந்ததும் பெரியப்பா மணியைப் பார்த்தார்.

"பத்தரை ஆயிருச்சு. பன்னெண்டு வரைக்கும் ராகுகாலம். அதுக்கப்புறம் உள்ள போவோம்."

"கூப்பிடுறப்ப இல்லாட்டி தள்ளி வச்சிருவாக பெரியப்பா. அதுக்குள்ள அங்கிட்டு மனசு மாறிட்டா?"

"நேரங்காலம் பாக்க வேணாமா ஆத்தா?"

"பாத்துத்தானே என்னைய அங்கன கட்டிக் குடுத்தீக?"

அவர் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நான் இறங்கிவிட்டேன்.

எதிர்த்த டீக்கடையில் என் கணவரும் மாமியாரும் வடை தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் ராகுகாலம்தான். பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று ஜோசியர் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது.

"எந்திரிங்க, கூப்பிடப் போறாக" என்றேன். அவர் அம்மாவைப் பார்த்தார்.

"பன்னெண்டுக்கு மேல வருவான்" என்றார் மாமியார்.

எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. கணவர் கையிலிருந்த டீ கிளாசைப் பிடுங்கிப் பெஞ்சில் வைத்தேன். "இப்ப வாங்க." என்ன நினைத்தாரோ, எழுந்து வந்துவிட்டார். கல்யாணமாகி அவர் என் பேச்சைக் கேட்டது அன்றைக்குத்தான். மாமியார் ராகுகாலத்தில் கோர்ட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்று டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே போய் நின்ற கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்கள். நீதிபதி ஒரு பெண். முதலில் என்னைக் கேட்டார். சம்மதம் என்றேன். அடுத்து என் கணவரைக் கேட்டார். அவர் வாயைத் திறந்தார், மூடினார், திரும்பி வாசலைப் பார்த்தார்.

"அங்க யாரைப் பார்க்கிறீங்க? உங்களைத்தான் கேட்கிறேன்" என்றார் நீதிபதி.

அவருக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. "சம்மதங்க" என்றார்.

முப்பது வயதைத் தாண்டிய மனிதர், அம்மாவைக் கேட்காமல் வாயைத் திறந்து சொன்ன முதல் பதில், என்னை விட்டுவிடுவதற்கு. எனக்கு அழுகை வந்துவிட்டது.