சம்பந்தி கொண்டுவந்த கறுத்த வைன்

மற்றவர் வாய்க்கு ருசி தேடித் தன் நாக்கைப் பாழாக்கிக்கொள்ளும் தொழில் எங்களுடையது. குசினியில் நின்று வெந்தவர்களுக்கு இது விளங்கும். பரந்தனில் ஒரு விடுதியில் நான் சமைக்கிறேன். போன ஆவணியில் பியர் என்ற பிரெஞ்சுக்காரர் வந்து தங்கினார். அவருடைய மகளைக் கட்டியவன் அக்கராயன் ஊர்ப் பெடியன், சுதன். அவனும் கூட வந்திருந்தான்.

நாக்கிழுவை

பியருக்குக் கஹோர் என்ற ஊரில் திராட்சைத் தோட்டம். தன் கையால் செய்த சிவப்பு வைனில் சில போத்தல் கொண்டுவந்திருந்தார். சிவப்பு என்று பெயர்தான், ஊற்றினால் கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை சுதனின் தகப்பனை முதல்முறை சந்திக்கும்போது இதைக் குடிக்கக் கொடுக்க வேண்டும், அதற்குத் தோதான கறி வேண்டும் என்றார். சம்பந்தி தொடாவிட்டால் தன்னையே ஏற்கவில்லை என்று நினைப்பாராம்.

ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நாவல்பழத் தோலைச் சப்பியதுபோல நாக்கை இழுத்துப் பிடித்தது. எங்கள் உறைப்பு ஆட்டிறைச்சிக் கறியோடு கொடுத்தேன். பியருக்கு வேர்த்துக் கொட்டியது. அவர் சொன்னதைச் சுதன் தமிழில் சொன்னான்: "கறியும் நல்லதாம், வைனும் நல்லதாம். ரெண்டையும் ஒரு வாய்க்குள்ள விட்டா அடிபடுதாம்."

தாரா வேட்டை

அவர்கள் ஊரில் இதற்குத் தாரா, அதாவது வாத்து இறைச்சிதான் பொருத்தமாம். எனக்கும் ஆவல் பிடித்துக்கொண்டது. பளையில் தாரா வளர்க்கும் ஒரு அக்காவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவா என்னை மேலும் கீழும் பார்த்தா.

"முட்டைக்கு வளக்கிறதுகளைத் தரமாட்டன் தம்பி. ஆனா அந்த வைனில கொஞ்சம் கொண்டாங்கோ, என்னெண்டு பாப்பம்."

சோற்றுக்கு முன்னும் பின்னும்

கடைசியில் மிளகாயை விட்டுவிட்டு, மிளகு போட்டு ஆட்டீரல் பிரட்டினேன். வைன் சட்டென்று சாந்தமானது. எனக்கே நம்ப முடியவில்லை. சோற்றோடு பரிமாறுவோம் என்று மேசை பார்க்கும் யோகனிடம் சந்தோசமாகச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் குடிப்பது ஒரு வேலை, சாப்பிடுவது வேறு வேலை என்பதை அந்த நேரம் மறந்துபோனேன்.

யோகன் கேட்டான்: "சோத்தோட குடிக்கிறதெண்டா, பிறகேன் அண்ணை குடிக்கிறது?"

சரி என்று சோற்றைப் பின்னுக்குத் தள்ளி, ஈரலை முன்னுக்கு எடுத்தேன்.

தண்ணீர்க் கணக்கு

ஞாயிறு சுதனின் தகப்பன் கந்தையர் வேட்டி சால்வையோடு வந்தார். ஈரலை ருசித்துச் சாப்பிட்டார். கிளாசை மட்டும் மெல்லத் தள்ளி வைத்தார். மகனுக்கு முன்னால் குடிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. பியரின் முகம் வாடிப்போனது.

பேச்சில்லாமல் இருக்கக் கூச்சப்பட்டு, கந்தையர் வயல்காரர் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: "உங்கட தோட்டத்துக்கு எத்தினை தண்ணி விடுறியள்?"

தண்ணீரே விடுவதில்லை, மழைதான் என்று பியர் கையை மேலே காட்டினார். மழை பிழைத்த வருசங்களைச் சொன்னபோது அவர் குரல் இறங்கியது. சுதன் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். குளத்துத் தண்ணீர் வராமல் தன் பயிர் கருகியதைப் பார்த்தவர் கந்தையர். தள்ளி வைத்த கிளாசைக் கையில் எடுத்தார்.

"மானாவாரிக்காரன்ர உழைப்பைத் தள்ளி வைக்கக்கூடாது. சுதன், நீ கொஞ்சம் அங்கால திரும்பி நில்லடா."

இப்போதெல்லாம் வைனுக்கு எந்தக் கறி பொருத்தம் என்று யாரும் கேட்டால், குடிக்கப்போகிறவர் என்ன பயிர் செய்கிறார் என்று முதலில் விசாரித்துவிடுகிறேன்.