பச்சைப் பொட்டு வைத்த எம்.சி.பி.கள்

வீட்டில் கீசரும் இஸ்திரிப் பெட்டியும் ஒன்றாக ஓடும்போது 'டக்' என்று விழும் ஸ்விட்சை இன்று எல்லோரும் அறிவார்கள். மேலே தள்ளினால் மின்சாரம் திரும்பிவிடும். பீங்கான் கட்டையைக் கழற்றி ஃபியூஸ் கம்பி சுற்ற வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரில் புது வீடுகள் எழும்பிய வேகத்தில், இந்த எம்.சி.பி.களுக்குப் பெரும் தேவை இருந்தது. பீன்யாவில் ஒரு சிறிய தொழிற்சாலையில் அவற்றைச் சோதித்து முத்திரை வைப்பது என் வேலை.

அதன் உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த மெல்லிய பட்டை ஒன்று உண்டு. மின்சாரம் அளவை மீறினால் பட்டை சூடேறி வளையும், வளைந்து கொக்கியைத் தள்ளும், ஸ்விட்ச் விழும். எத்தனை வளைவுக்கு விழ வேண்டும் என்பதை ஒரு சிறு திருகு தீர்மானிக்கிறது. அந்தத் திருகை அமைக்க ஆறு பெண்கள் இருந்தார்கள். மூடி பொருத்தாத எம்.சி.பி.யில் கூடுதல் மின்சாரத்தைச் செலுத்தி, கடிகாரத்தைப் பார்த்தபடி திருகுவார்கள். குறித்த நேரத்தில் விழுந்ததும் திருகின் தலையில் ஒரு பொட்டு வார்னிஷ் வைப்பார்கள். யார் செய்தது என்று பின்னால் தெரிய வேண்டும் என்பதற்காக ஆளுக்கு ஒரு நிறம்.

பச்சை நிறத்துக்காரி ஸ்ரீராம்புரத்தில் என் தெருவிலேயே இருந்தாள். ஒரே பஸ்ஸில் வருவோம். இரண்டு வருடமாகத் தற்காலிக வேலை, அப்போது ஏழு மாத கர்ப்பம். மே மாதக் கடைசியில் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். கடிதம் கைக்கு வந்தால் பிரசவ விடுப்பு கிடைக்கும். வராவிட்டால் பிரசவத்துக்குப் போவதும் வேலையை விட்டுப் போவதும் ஒன்றுதான்.

மே இரண்டாம் வாரத்தில் ஒரு கட்டட கான்ட்ராக்டர் இரண்டு பெட்டிச் சரக்கைத் திருப்பி அனுப்பினார். காலையில் கீசரைப் போட்டால் குளிக்கும் முன்பே ஸ்விட்ச் விழுந்துவிடுகிறது என்பது புகார். மூடியைப் பிடித்திருக்கும் ரிவெட்டை உடைத்துத் திறந்து பார்த்தோம். பார்த்தவை எல்லாம் பச்சைப் பொட்டு.

மேனேஜர் கன்னடக்காரர், எங்களிடம் தமிழில் பேசப் பழகியவர். என்னை அறைக்குள் அழைத்தார்.

"நோடிம்மா, எனக்கும் கஷ்டமாதான் இருக்கு. ஆனா பச்சை அவங்களதுதானே? இப்படி கை இருந்தா எப்படி லெட்டர் குடுக்கறது?"

"ரெண்டு நாள் குடுங்க சார்."

"எதுக்கு?"

"ஆறு பேர்ல அவ கைதான் நிதானமான கை. தப்பு வேற எங்கியோ இருக்கு."

திரும்பி வந்தவற்றில் ஒன்றை எடுத்துச் சோதித்தேன். அரை நிமிடமாவது தாங்க வேண்டியது பதினெட்டு விநாடியில் விழுந்தது. அப்போதுதான் என் முத்திரையின் லட்சணம் எனக்குப் புரிந்தது. இத்தனை நேரத்துக்குள் விழுகிறதா என்று மட்டுமே நான் பார்த்து வந்திருந்தேன். விரைவில் விழுந்தால் பாதுகாப்புதானே என்ற எண்ணத்தில், அவசரமாக விழுந்தவற்றைச் சந்தோஷமாகத் தேர்ச்சி பெறச் செய்திருக்கிறேன்.

அது என் தவறு. ஆனால் பச்சை மட்டும் ஏன்? அவள் மேசையருகே போய் நின்றேன். அவள் வேலை அட்டை ஒரு நட்டின் கீழே படபடத்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அவள் மூச்சு வாங்குவதைப் பொறுக்காமல், ஆபீஸ் வராந்தாவில் கிடந்த பெடஸ்டல் ஃபேனை இழுத்து வந்து அவள் பக்கம் திருப்பி வைத்தவள் நான். அதுவரை எங்கள் ஷெட்டில் ஃபேனே இருந்ததில்லை. ஆகவே திருகு மேசையில் காற்று படக்கூடாது என்று யாரும் யாருக்கும் சொல்ல நேர்ந்ததில்லை.

மேனேஜரை மேசைக்கு அழைத்து வந்தேன். மூடியில்லாத எம்.சி.பி. ஒன்றை ஃபேன் காற்றில் வைத்து மின்சாரம் செலுத்தினேன். ஐம்பது விநாடி ஆயிற்று. அது ஆறும்வரை காத்திருந்து, ஃபேனை நிறுத்திவிட்டு அதையே மறுபடி வைத்தேன். முப்பது விநாடியில் விழுந்தது.

"காத்து பட்டையை ஆத்துது சார். விழ லேட் ஆவுதுன்னு இவ திருகை இறுக்கறா. மூடி போட்டப்புறம் உள்ள காத்து ஏது? சீக்கிரம் விழுந்துடுது."

அவர் ஃபேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஃபேன் யாரு வெச்சது?"

"நான்."

"பாஸ் முத்திரை?"

"அதுவும் நான்தான்."

"ஆய்து, சரி. எழுதிக் குடுங்க, ரெண்டையும்."

எழுதினேன். இனிமேல் சீக்கிரம் விழுவதையும் தள்ள வேண்டும், அதற்கு ஒரு கீழ் வரம்பு வைக்க வேண்டும் என்று கடைசியில் சேர்த்தேன். பச்சைக்காரி பக்கத்தில் நின்று வாசித்தாள்.

"முழுசா உங்க மேலயே போட்டுக்கினீங்களேக்கா. என் திருகும் இருக்குல்ல?"

"நீ கடிகாரம் சொன்னபடி திருகின. கடிகாரத்துல பொய் இல்ல, உன் கையிலயும் இல்ல."

"உங்களுக்கு மெமோ வரும்."

"வரட்டும். எனக்கு வேலை நிரந்தரம்; மெமோவோட இருக்கலாம். உனக்கு முடியாது."

மெமோ வந்தது. அந்த வருட ஊதிய உயர்வு எனக்குத் தள்ளிப்போனது. ஃபேனை அகற்ற நான் சம்மதிக்கவில்லை. திருகும்போது எம்.சி.பி.யை வைக்கும் தாங்கியைச் சுற்றி மூன்று பக்கமும் அட்டைத் தடுப்பு வைத்து, பட்டையில் காற்று படாமலும் அவள் முகத்தில் படும்படியும் செய்தேன். இரண்டு பெட்டியையும் அவளே மறுபடி திருகினாள். மேல் வரம்பு, கீழ் வரம்பு இரண்டையும் பார்த்து நான் முத்திரை வைத்தேன்.

மே முப்பத்தொன்றாம் தேதி மேனேஜர் அறையிலிருந்து ஒரு நீளக் கவரோடு வெளியே வந்தாள். ஆங்கிலத்தில் இருந்ததால் என்னைப் படிக்கச் சொன்னாள். முதல் வாக்கியத்தைச் சொன்னதுமே நிறுத்தினாள்.

"அது போதும்க்கா. மூணு மாசம் என் எடத்துல யாரை உட்கார வைப்பாங்க?"

"யாரையாவது வைப்பாங்க."

"வெச்சுக்கட்டும். பச்சையை மட்டும் தராதீங்க. வந்து நான் எடுத்துக்கறேன்."

வார்னிஷ் புட்டியின் மூடியை இறுக்கி என் மேசை இழுப்பறையில் தானே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று என்னை அவசரப்படுத்தினாள்.