நான் திரும்பப் போட்ட மாலை

இதை எழுத ஏழு வருடம் தயங்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்துப் பிழை வருமே என்ற கூச்சம் ஒரு பக்கம். அதைவிட, நான் செய்ததை என் கையாலேயே எழுத வேண்டுமே என்ற பயம். என் வீட்டுக்காரர் இன்று என் எதிரில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காடுதான் எங்கள் பிழைப்பு. அந்தக் கார்த்திகையில் என் வீட்டுக்காரர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். மாலை போட்டவரைப் பெண்டாட்டியும் சாமி என்றுதான் கூப்பிடுவாள். காலில் செருப்பு கிடையாது, இடுப்பில் கறுப்பு வேட்டி. வேலையை யார் விடுவது? செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கப் போனார். காலையில் மருந்தடிக்கும் ஓஸ் குழாயின் இணைப்பு பிடுங்கிக்கொண்டு, மருந்து அவரைக் கழுத்திலிருந்து முழங்கால் வரை நனைத்துவிட்டது. துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் அடித்திருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது வாயில் நுரை, கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது. ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்தில் வந்து மோந்து பார்த்ததுமே என்ன மருந்து என்று சொல்லிவிட்டார். நான் விழித்தேன்.

"எஸ்டேட் லயத்து வீட்டுலதான்க்கா பொறந்தேன். எங்கப்பாவும் மருந்தடிக்கிற ஆளு. இந்த நாத்தத்துலதான் வளந்தேன்" என்றவர், நர்ஸிடம் திரும்பினார். "சிஸ்டர், துணி ஒண்ணுகூட மேல இருக்கக் கூடாது. சோப்புப் போட்டு ரெண்டு தடவை குளிப்பாட்டுங்க."

வேட்டியையும் துளசிமணி மாலையையும் ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். ஊசி ஏறியது. ஒரு மணி நேரத்தில் நுரை நின்று, மூச்சு சீரானது.

கவருக்குள் மாலை கிடந்தது. மலைக்குப் போவதற்கு முன்னால் மாலையைக் கழற்றுவது எங்களில் ஒரே ஒரு காரணத்துக்குத்தான். வீட்டில் சாவு விழ வேண்டும். கழற்றிய மாலை என் மடியில் கிடக்கக் கிடக்க, சாவை நானே அழைத்து உட்கார வைத்தது போல இருந்தது. சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும், சாமியே என்று சொல்லி, மாலையை அவர் கழுத்தில் போட்டு, போர்வையைத் தாடை வரை இழுத்துவிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் மறுபடி நுரை. டாக்டருக்குப் புரியவில்லை. "நல்லா வந்துக்கிட்டிருந்தாரே" என்று ஊசியைக் கூட்டினார். கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்தார். கண்ணைத் திறந்துகொண்டு, இரண்டு கையாலும் காற்றில் காய் பறித்தார்.

"இந்தச் செடியில காயே இல்ல."

"அப்ப அடுத்த செடிக்குப் போங்க சாமி" என்றார் டாக்டர். என்னைப் பார்த்து, "ஊசி ஏறினா இப்படித்தான் பேசுவாங்க, பயப்படாதீங்கக்கா" என்றார்.

காய் பறித்த கை நின்றது. டாக்டரின் இடது தோளுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே வெறும் சுவர்.

"அண்ணாச்சி, நனைஞ்ச மாலையோட எம்புட்டு நேரம் நிப்பீங்க? கழட்டிப் போடுங்க."

டாக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போனது. குனிந்து போர்வையை விலக்கினார். மாலையைத் தொட்டு விரலை மோந்தார்.

"யாரு போட்டது?"

"நான்தான்."

திட்டுவார் என்று நின்றேன். "மணியும் நூலும் மருந்தைக் குடிச்சு வச்சிருக்கு. கழுத்து வழியா திரும்ப ஏறுது. நீங்களே கழட்டுங்கக்கா. நான் கழட்டினா நாளைக்கு உங்க மனசு அடங்காது" என்றார். கையுறை ஒன்றை நீட்டினார்.

கழற்றினேன். ஐயப்பா, இது சாவுக்கு இல்லை என்று வாய்விட்டே சொன்னேன். அவர் கழுத்தை மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினார்கள்.

சாயங்காலம் மூச்சு மறுபடி சீரானது. அதன் பிறகுதான் வராந்தாவில் நின்று டாக்டர் சொன்னார். தன் அப்பாவும் மாலை போட்டிருந்தபோதுதான் மருந்தில் நனைந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க, தோஷம் வரும் என்று யாரும் மாலையைத் தொடவில்லையாம். வழியிலேயே உயிர் போய்விட்டதாம். அப்போது இவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை.

"நீங்க இத இங்க யார்ட்டயாவது சொல்லியிருக்கீங்களாம்மா?"

"இல்லக்கா."

நான்காம் நாள் கட்டிலருகே வந்து கேட்டார். "சாமி, அன்னைக்கு யார்கிட்ட பேசினீங்க?"

"எனக்கு ஒண்ணும் நெனப்பில்லையேம்மா" என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் என்னிடம் திரும்பினார். "எந்தப் பக்கம் பாத்தாரு?"

கை காட்டினேன். அவர் அந்தச் சுவரோரம் போய், முகத்தை அதன் பக்கம் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வெளியே யாரோ கூப்பிட, போய்விட்டார்.

ஐயப்பனே வந்து நின்றார் என்று எங்கள் பக்கம் சிலர் இதைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். யார் வந்தது, யாராவது வந்தார்களா, எனக்குத் தெரியாது. நீங்கள் இதை மருந்தடிக்கும் வீடுகளில் சொல்லுங்கள். சொல்லும்போது தெய்வத்தைக் கூட்ட வேண்டாம். நான் மாலையைத் திரும்பப் போட்டதை என்மேல் இரக்கப்பட்டு விட்டுவிடவும் வேண்டாம். இருக்கிறபடியே சொல்லுங்கள்.