வாவுக்கு வா

போடியில் லேத்து வீரையாவின் பட்டறைக்கு வழி கேட்டால் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் வழி சொல்வார்கள். அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி. லேத்து ஓடும்போது வேட்டி கட்டமாட்டார், சுற்றி இழுத்துவிடுமாம். இடி இடித்தால் மோட்டாரை நிறுத்திவிட்டு மரப்பலகை மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். செய்து முடித்த சாமானை அன்றைக்கே கையில் கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துடைத்து, சாக்குக்கட்டிப் பொடியைத் தடவி, மயிரிழைக் கீறல் இருந்தால் ஈரம் கசிந்து கோடு தெரிகிறதா என்று பார்ப்பார். மறுநாள் காலையில் இன்னொரு தரம் பார்ப்பார். அவசரக்காரன் எவனாவது கத்தினால், "இங்கன கத்திக்க அப்பு. மலையில போயி கத்தாம இருந்தாச் சரி" என்பார்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எழுபத்து மூன்றில் ஒரு ஜீப்பு மலையேறுகிற போடிமெட்டு ரோட்டில் கவிழ்ந்து மூன்று பேர் செத்தார்கள். அந்த வண்டியின் ஸ்டீரிங்கில் இருந்த ஒரு ஆணி வீரையா கடைந்து கொடுத்தது. ஆணி உடைந்ததா, டிரைவர் தூங்கினானா என்று தெரிய நான்கு நாள் ஆனது. நான்கு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை, காய்ச்சல் கொதித்தது. கடைசியில் ஆணி முழுசாகத்தான் இருந்தது. தூங்கியது டிரைவர். காய்ச்சல் விட்டது, பயம் விடவில்லை. அதற்குப் பிறகு அவர் ஜீப்பில் கால் வைத்ததே இல்லை.

ஆனால் கொடுமையைப் பாருங்கள், அவர் பெண்டாட்டி முத்துப்பேச்சிக்கு மலைமேல் ஏலக்காய் எடுக்கிற வேலை. காலையில் ஜீப்பில் ஏறிப் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். சிலமலை ஊர்க்காரி, வாய்த்துடுக்கு, எதற்கும் அஞ்சாதவள். அவள் இறங்கி வருகிறவரைக்கும் வீரையா ஒரு கண்ணை லேத்திலும் ஒரு கண்ணை ரோட்டிலும் வைத்திருப்பார்.

எண்பத்து இரண்டு வாக்கில் ஊரில் ஒரு பித்துப் பிடித்தது. பழைய பெட்ரோல் ஜீப்புகளில் என்ஜினை இறக்கிவிட்டு, காயலான் கடையில் கிடந்த டீசல் என்ஜினைத் தூக்கி வைக்க ஆரம்பித்தார்கள். வைத்தாயிற்று, ஓடவும் செய்தது. ஆயில் ஃபில்டர் மட்டும் இடித்தது. டீசல் என்ஜினில் அது டப்பா மாதிரி பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும். ஜீப்பிலோ அந்த இடத்தில் ஸ்டீரிங் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. ரெண்டும் ஒன்றோடொன்று உரசி, டப்பா ஓட்டையாகி, ஆயில் ரோட்டில் கொட்டியது.

அதற்கு வழி கண்டுபிடித்தது நம்ம பயந்தாங்கொள்ளிதான். ஃபில்டர் இருந்த இடத்தில் திருகுவதற்கு வட்டமாக ஒரு இரும்புத் தட்டுக் கடைந்தார். அதில் ரெண்டு ஓட்டை. ஃபில்டரைக் கொண்டுபோய் மட்கார்டின் உள்பக்கம் தள்ளி வைப்பதற்கு அதைத் தாங்கிப் பிடிக்கிற மூடி மாதிரி ஒரு தலை கடைந்தார். அதிலும் ரெண்டு ஓட்டை. நடுவில் ரெண்டு ரப்பர்க் குழாய், அதாவது ஓஸ். ஒரு ஓஸில் அழுக்கு ஆயில் ஃபில்டருக்குப் போகும், இன்னொன்றில் சுத்தமாகி என்ஜினுக்குத் திரும்பும். ஓஸ் மாறிவிடக்கூடாது என்று ஒவ்வொரு ஓட்டைக்குப் பக்கத்திலும் உளியால் எழுத்து வெட்டினார். ஆயில் வெளியேறுகிற ஓட்டையில் 'போ', உள்ளே நுழைகிற ஓட்டையில் 'வா'. 'போ'விலிருந்து 'வா'வுக்கு மாட்டவேண்டும், அவ்வளவுதான். ஊரில் இதற்கு 'வீரையா தட்டு' என்றே பெயர் விழுந்தது.

முதல் தட்டு ராக்கையாவின் ஜீப்புக்கு. முத்துப்பேச்சி உள்பட பதினாறு பெண்களை மலைக்கு ஏற்றிப்போகிற அதே வண்டிதான். தட்டைக் கையில் வாங்கிய ராக்கையா எழுத்தைப் பார்த்ததும் தேளைத் தொட்ட மாதிரி கையை உதறினார்.

"என்னாண்ணே இது? மலையேறுற வண்டில 'போ'ன்னு வெட்டி வச்சிருக்க?"

"ஆயில் போற ஓட்டை அது."

"ஆயிலு போகுதோ ஆளு போகுதோ, யாரு கண்டா? வீட்ட விட்டுக் கெளம்பையில ஒரு பயலாவது 'போறேன்'னு சொல்றானா? 'போய்ட்டு வர்றேன்'னுதான சொல்றோம். பதினாறு பொம்பளையாளுக உக்கார்ற வண்டிண்ணே. ஒன் பொண்டாட்டியும்ல உக்கார்றா!"

கடைசியாகச் சொன்னாரே, அது போதும். வீரையா அரத்தை எடுத்தார். தட்டில் இருந்த 'போ'வையும் தலையில் இருந்த 'போ'வையும் இருந்த இடம் தெரியாமல் ராவினார். ரெண்டு 'வா' மட்டும் மிஞ்சின. ஒரு ஓட்டைக்கு எழுத்து இருந்தால் இன்னொன்று தானே தெரியும் என்று சமாதானம் செய்துகொண்டார். சாக்குக்கட்டி தடவி மயிரிழை தேடுகிற மனுசனுக்கு அன்றைக்கு இவ்வளவு பெரிய ஓட்டை தெரியவில்லை.

அவர் கையால் மாட்டியவரை எல்லாம் சரியாக இருந்தது. ஆறு மாதம் வண்டி நன்றாக ஓடியது.

ஐப்பசி மாதம் ஒருநாள் விடியற்காலை. மலை தெரியாத அளவுக்கு மேகம். தூக்குச்சட்டியில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த முத்துப்பேச்சியிடம் வீரையா வழக்கமான பாட்டை ஆரம்பித்தார். "மேகம் எறங்கிக் கெடக்கு. இன்னைக்கு ஒருநா சோலிக்குப் போகாட்டி என்ன?"

"நேத்து மழைன்னிய, முந்தாநா காத்துன்னிய. ஒங்க பயத்த இடுப்புல கட்டிக்கிட்டு நான் எத்தன நாளுதேன் திரியிறது? சீ, நான் போறேன்!"

விருட்டென்று போய்விட்டாள். 'வர்றேன்' என்று சொல்லவில்லை. பதினெட்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் அப்படிச் சொல்லிவிட்டுப் போனதில்லை. வீரையா வாசலில் நின்று, "ஏ, வர்றேன்னு சொல்லிட்டுப் போடி" என்று கூப்பிட்டார். தெரு வெறிச்சென்று இருந்தது.

மனசு கேட்கவில்லை. ஏழு மணிக்கு டீக்கடைக்குப் போனார். அங்கே மெக்கானிக் திருப்பதி கையில் கிரீசோடு டீ குடித்துக்கொண்டிருந்தான். நல்ல பையன், முறைக்கு மாப்பிள்ளை.

"மாமா, ஒன் வேலையின்னா வேலைதேன்" என்றான். "ராக்கையா அண்ணன் வண்டில ஓஸ் ரெண்டும் வெடிச்சிருந்துச்சு. விடியக்காலமே புதுசு மாட்டிட்டேன். நீ மார்க்கு வெட்டியிருந்ததுனால சோலி வெரசா முடிஞ்சிருச்சு."

வீரையா கிளாஸை வாயிலிருந்து எடுத்தார். "எப்பிடி மாட்டுன மாப்ளே?"

"எப்பிடின்னா? வாவுக்கு வா. எழுத்தில்லாத மொட்டைக்கு மொட்டை."

கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது.

அட பாவி மனுசா, ரெண்டும் 'வா'தான், ஆனால் ரெண்டும் ஒரே 'வா' இல்லையே! தட்டில் இருப்பது ஆயில் என்ஜினுக்குள் வருகிற 'வா'. தலையில் இருப்பது ஃபில்டருக்குள் வருகிற 'வா'. ரெண்டையும் சேர்த்தால் ஆயில் ஃபில்டருக்குள் பின்வாசல் வழியாக நுழையும். முன்வாசலில் ஒரு ரப்பர் நாக்கு இருக்கிறது. உள்ளே வருவதற்கு வழிவிடும், வெளியேறப் பார்த்தால் அடைத்துக்கொள்ளும். கசிகிற ஆயிலில் சமதரையில் கொஞ்ச தூரம் ஓடலாம். ஏற்றத்தில் பதினாறு பேரை இழுக்கும்போது என்ஜின் வறண்டு இறுகி அப்படியே நின்றுவிடும். ஆயில் மீட்டர் இந்த என்ஜினுக்கு ஒத்துவராமல் எப்போதோ கழற்றிப் போட்டாயிற்று. ஏற்றத்தில் இவ்வளவு பாரத்துக்குக் கால்பிரேக் தாங்காது, கைப்பிரேக் பேருக்குத்தான். கிளட்சை மிதித்ததும் நின்ற வண்டி பின்னால் உருளும். பின்னால் என்ன இருக்கிறது? பள்ளம்தான் இருக்கிறது.

"வண்டி கெளம்பிருச்சா?"

"ஆறேகாலுக்கே போயிருச்சே. ஏன் மாமா?"

கடைவாசலில் டிரைவர் மொக்கையன் தன் ஜீப்பில் உட்கார்ந்திருந்தான். வீரையா ஓடிப்போய் அதில் ஏறி உட்கார்ந்தார். பத்து வருஷமாக ஜீப்பில் கால் வைக்காதவர் ஏறியதைப் பார்த்ததும் மொக்கையன் சாவியைத் திருகினான். திருப்பதி ஓடுகிற வண்டியில் தொற்றிக்கொண்டான், வழியில் வீரையா விஷயத்தைச் சொன்னார்.

மலையடிவாரத்தில் முந்தல் வந்ததும் டீக்கடைக்காரரிடம் விசாரித்தார்கள். "அரை மணி நேரம் இருக்கும். வண்டி கடகடன்னு சத்தம் போட்டுக்கிட்டு ஏறுச்சு. ஓவர் லோடுன்னு நெனச்சேன்" என்றார் அவர். கடகட என்றால் வறட்சி தொடங்கிவிட்டது. "வெரசா மிதி" என்றார் வீரையா.

முதல் வளைவு. ரெண்டாவது வளைவு. மேகத்துக்குள் பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் தடுப்புச்சுவர் முழுசாக இருக்கிறதா என்று பார்த்தார். முழுசாக இருந்தால் அடுத்த வளைவை எட்டிப் பார்க்கத் தலையை வெளியே நீட்டினார். 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போனாளே, சொல்லிவிட்டுப் போனாளே என்று அதே நினைப்பு. "ஆத்தா, அவ கோவத்துல சொன்னது. கணக்குல வச்சுக்காத" என்று வாய்விட்டுச் சொன்னார். திருப்பதி தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதான்.

ஐந்தாவது வளைவில் ரோட்டோரமாக ஒரு தூக்குச்சட்டி கிடந்தது. மூடி கழன்று கஞ்சி சிந்தியிருந்தது. வீரையா அதைப் பார்த்தார். எல்லா வீட்டுத் தூக்குச்சட்டியும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதன் பிடியில் அவர் வைத்த பித்தளை ஒட்டு மின்னியது.

ஆறாவது வளைவைத் தாண்டினால், ராக்கையாவின் ஜீப்பு ரோட்டில் குறுக்காக நிற்கிறது. தடுப்புச்சுவர் இல்லாத இடம். பின்சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு முழம்தான். பெண்கள் மலைப்பக்கத்துச் சரிவில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வீரையா எண்ணினார். பதினைந்து. திரும்பவும் எண்ணினார். பதினைந்துதான்.

"முத்துப்பேச்சி எங்க?" என்றார். மறுபடி கேட்டார்.

அன்னக்கொடி என்கிற பெண் அழுதபடி ஜீப்பின் பின்பக்கத்தைக் காட்டினாள்.

அங்கே முத்துப்பேச்சி பின்சக்கரத்தை ஒட்டி மண்ணில் உட்கார்ந்திருந்தாள். சக்கரத்துக்கு அடியில் ஒரு பெரிய கல். கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அவளுடைய இடது கை. ராக்கையா கடப்பாரையை வைத்துச் சக்கரத்தை நெம்பப் பார்த்துக்கொண்டிருந்தார். நெம்பினால் வண்டி உருளும் என்ற பயத்தில் நெம்பவும் முடியவில்லை.

"வந்துட்டீயளா?" என்றாள் அவள். உதடு வெளுத்திருந்தது. "சத்தம் ஒரு மாதிரி வந்துச்சு. ஒங்க கூடக் கெடந்து எனக்கும் பயம் தொத்திக்கிருச்சு. தூக்குச்சட்டி கீழ விழுந்ததக்கூடப் பாக்காம கதவோரமா வந்து நின்னுக்கிட்டேன். வண்டி பின்னால உருளவும் குதிச்சு கல்லப் போட்டேன். கைய எடுக்க நேரமில்ல."

நான்கு பேர் வண்டியைத் தாங்க, வீரையா கல்லை உருட்டிக் கையை எடுத்தார். ரெண்டு விரல் போய்விட்டது. ஏலக்காய் எடுக்கிற கை.

கேளுங்கள் இனி ஊர்ப் பேச்சை. விளிம்பிலிருந்து ஒரு முழத்தில் வண்டி நின்றது எதனாலே? என்ஜினில் 'வா' என்று எழுதியிருந்ததனாலே! ராக்கையா கோயிலில் தேங்காய் உடைத்தார். "அந்த 'வா'தான் எங்கள வரவச்சுச்சு" என்று பஸ்சு ஸ்டாண்டில் சொல்லித் திரிந்தார். எனக்கும் ஒரு 'வா' தட்டு வேணும் என்று நாலு ஜீப்புக்காரர்கள் பட்டறை வாசலில் வந்து நின்றார்கள். வீரையா வாயைத் திறக்கவில்லை. திருப்பதியும் திறக்கவில்லை. உண்மை தெரிந்தால் ஊர் அடித்துப் போடும் என்று வீரையாவுக்குப் பயம். அதைவிட, கட்டுப்போட்ட கையோடு வீட்டில் படுத்திருக்கிறவளுக்குத் தெரிந்துவிடுமே என்று பெரிய பயம். பதினோரு நாள் அந்தப் பழைய காய்ச்சல் கொதித்தது.

பன்னிரண்டாம் நாள் ராக்கையா அந்தத் தட்டையும் தலையையும் கொண்டுவந்தார். "என்ஜின் ரெடியாயிருச்சுண்ணே. இந்த 'வா'வ இன்னுங் கொஞ்சம் பெருசா, ஆழமா வெட்டு" என்றார். வீரையாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த முத்துப்பேச்சி கதவோரம் நின்றிருந்தாள்.

வீரையா உளியை எடுத்தார். கீழே வைத்தார். பிறகு, குனிந்த தலை நிமிராமல், எல்லாவற்றையும் சொன்னார். 'போ'வை ராவியதும், மிஞ்சிய ரெண்டு 'வா'வும், திருப்பதி அதை நம்பி மாட்டியதும். "கவுத்தது அந்த எழுத்துதான் ராக்கையா. திருப்பதி மேல தப்பில்ல. பயந்துக்கிட்டு ராவுனேன் பாரு, நாந்தேன்."

ராக்கையா சுவரில் சாய்ந்தார்.

முத்துப்பேச்சி உள்ளே வந்து தட்டைக் கையில் எடுத்தாள். ராவிய இடத்தை மிச்ச விரல்களால் தடவிப் பார்த்தாள். "அப்ப 'போ'ன்னு இருந்திருந்தா ஓஸ் மாறியிருக்காது?"

"மாறியிருக்காது."

அவள் தட்டைப் புருசனின் முன்னால் வைத்தாள். "பெறகென்ன? 'போ'ன்னே வெட்டுங்க. வர்றத நாங்க பாத்துக்கிறோம்."

 ராக்கையா குனிந்து அவரே தட்டை அசையாமல் பிடித்துக்கொண்டார். வீரையா வெட்டிய 'போ' கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது.