சிரிப்பு வருவதற்கு முன்

வாளிக்குள் கேட்கும் மழை, வெளியே கேட்கும் மழை போல இருக்காது. தலையில் கவிழ்த்திருக்கும் பிளாஸ்டிக்கில் நம் மூச்சே மோதித் திரும்பி வரும். மழை எங்கோ தூரத்தில் பெய்வதுபோல இருக்கும். அன்று அந்தச் சிவப்பு வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு குழந்தையின் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். கேமராவின் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை. வழக்கத்தைவிட நேரம் ஆகிறதே என்று நினைத்தது நினைவிருக்கிறது.

கேமரா என் அண்ணன் மனைவியின் கையில் இருந்தது. கொச்சியில், மட்டாஞ்சேரியில் சுக்கு மூட்டை அடுக்கிய ஒரு கிடங்குக்கு மேலே, மரப்படி ஏறிப் போனால் அண்ணியின் ஸ்டூடியோ. சின்னக் குழந்தைகளை மட்டும்தான் எடுப்பார். எல்லார் கையிலும் கேமரா வைத்த போன் வந்த பிறகும் பள்ளுருத்தியிலிருந்தும் சுள்ளிக்கல்லிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். போனில் எடுத்தால் பிள்ளை போனைப் பார்க்கிறது, சேச்சி எடுத்தால் பிள்ளை பிள்ளையாக இருக்கிறது என்பார்கள். இங்கே எல்லோருக்கும் அண்ணி சேச்சி, அதாவது அக்கா. வெலிங்டன் தீவில் நான் பார்த்த கிடங்கு வேலை போனபோது, "சும்மா வீட்டுல உக்காராதீங்க தம்பி, எங்கூட வாங்க" என்று என்னை அழைத்தவரும் அவர்தான். நான் பத்தாவதுக்கு மேல் படிக்காதவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. அண்ணி அதற்கும் ஒரு வழி செய்தார். கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு நீலத் திரை கட்டி, அதன் பின்னால் என்னை நிறுத்தினார். அவர் காலால் தரையைத் தட்டியதும் நான் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு "ட்டோ!" என்று திரையை விலக்கி வெளியே வர வேண்டும். முகம் தெரியாது என்பதால் எனக்குக் கூச்சமே வரவில்லை. அந்த வாளிக்குள் இருக்கும்போது மட்டும் நான் சத்தம் போடுகிற ஆளாக இருந்தேன்.

அண்ணி எந்தக் குழந்தையிடமும் சிரி என்று சொன்னதில்லை. திடீரென்று வாளித் தலையன் வந்து நின்றால் குழந்தை முதலில் திடுக்கிடும். பிறகு கெக்கெக்கென்று சிரித்துவிடும். இரண்டுக்கும் இடையில் ஒரு சின்ன அமைதி உண்டு. கண் விரிந்து, வாய் திறந்து, இது பயப்பட வேண்டியதா சிரிக்க வேண்டியதா என்று குழந்தை தானே முடிவு செய்கிற நேரம். "அந்த நடுவுல இருக்கிறதுதான் தம்பி, அதோட சொந்த முகம். அதுக்கப்புறம் வர்றதெல்லாம் நாம சொல்லிக் கொடுத்தது" என்பார். அந்த நேரத்தில் அறையில் யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது. பெற்றவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவார்: "நீங்க பயந்தா பிள்ளையும் பயந்திடும். ஒண்ணும் பேசாம சிரிச்சிட்டே இருங்க." அப்படித்தான் எல்லோரும் இருந்தார்கள். அன்றும் அப்படித்தான்.

அன்று வந்தவர் சுள்ளிக்கல்லில் ஆட்டோ ஓட்டுகிறவர். எங்களைப் போலவே எப்போதோ இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். கூட மனைவியும், இரண்டு வயது நிரம்பாத மகளும். படியேறி வரும்போதே அவர் என் கையில் வாளியைப் பார்த்துவிட்டார். "சேட்டா, குளிக்கப் போறீங்களா, போட்டோவுக்கு வந்தீங்களா?" என்று கேட்டார். அவர் மனைவி, "அவரை விடுங்க, உங்க மொகத்தைப் பாத்தா பிள்ளை சிரிக்காதுன்னுதான் வாளி கொண்டுவந்திருக்காரு" என்றாள். நான் வாளியோடு திரைக்குப் பின்னால் போய் நின்றேன். மகளைத் தன் மடியில், கேமராவைப் பார்க்க உட்காரவைத்துக்கொண்டு அவர் முக்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைக்குப் பிஸ்கட் வாங்கிவர மனைவி கீழே கடைக்குப் போனாள்.

அண்ணியின் கால் தட்டியது. நான் "ட்டோ!" என்று வெளியே வந்தேன். குழந்தை ஒரே ஒரு முறை, விக்கல் போல, சத்தம் எழுப்பியது. பிறகு அமைதி. நான் வாளிக்குள் காத்திருந்தேன். மடியில் வைத்திருந்த அப்பாவுக்குப் பிள்ளையின் பின்தலை மட்டும்தான் தெரியும். அண்ணிக்கு முகம் தெரிந்தது. ஆனால் அவர் தேடிக்கொண்டிருந்த முகமும் அதுவேதான். விரிந்த கண், திறந்த வாய். மழை இருட்டில் உதட்டின் நிறம் மாறுவது யாருக்கும் தெரியவில்லை. இதோ சிரிக்கப் போகிறது, இதோ சிரிக்கப் போகிறது என்று நாங்கள் மூன்று பேரும் அசையாமல் இருந்தோம். கேமரா மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தது.

மரப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அடுத்து, கடைக்குப் போயிருந்த தாயின் குரல்.

"என்னத்துக்கு எல்லாரும் சிரிச்சிட்டு நிக்குறீங்க? பிள்ளைக்குச் சுவாசம் இல்ல!"

நான் வாளியைக் கழற்றியபோது குழந்தையின் தலை அப்பாவின் கைமேல் சாய்ந்து தொங்கியது. உதடு நாவற்பழம் தின்றதுபோல இருந்தது. அவர், "மோளே, மோளே" என்று அதன் கன்னத்தைத் தட்டினார். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. போவதற்கு நேரம் கிடைக்கவில்லை. அண்ணி தரையில் பாயை இழுத்துப் போட்டார். தாய் மகளைப் பிடுங்கி அதில் ஒருக்களித்துக் கிடத்தி, முதுகைத் தடவிக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் கையில் வாளியோடு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அதிகம் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. எனக்கு அந்த அறையில் இருந்த சுக்கு வாசனைகூட நின்றுபோனதுபோல இருந்தது.

பிறகு குழந்தையின் வயிறு ஒரு முறை உள்ளே போய் வெளியே வந்தது. இன்னொரு முறை. அதன் பின் ஓர் அழுகை. அப்படி ஓர் அழுகையை அந்த ஸ்டூடியோவில் அதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை. தாய் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். பாதிப் படியில் நின்று அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். "என் பிள்ளை சாகுறதைப் படம் எடுத்துட்டு இருந்தீங்களா, சேச்சி?"

திடுக்கிட்டாலோ அழுதாலோ சில குழந்தைகளுக்கு இப்படி மூச்சு நின்று, தானாகவே திரும்பும் என்றும், வளர வளரச் சரியாகிவிடும் என்றும் டாக்டர் சொன்னதாக மாலையில் அந்த அப்பாவே போனில் சொன்னார். அண்ணி, "சரி, சரி" என்று மட்டும் சொன்னார். அடுத்து வந்த நாட்களில் ஸ்டூடியோவைத் திறப்போம், ஆனால் யார் வந்தாலும் கேமரா ரிப்பேர் என்று சொல்லி அனுப்பிவிடுவார். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் எங்கள் இருவருக்கும் தூக்கிவாரிப் போடும். அந்தப் படங்களை அவர் பார்க்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. அந்தத் தாய் வந்து கேட்பாள், அவள் கேட்கும்போது இல்லை என்று சொல்லக் கூடாது என்றார்.

அவள் வந்தாள். தனியாக, ஒரு மத்தியானம். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "எடுத்ததெல்லாம் காட்டுங்க. ஒண்ணுகூட விடாம."

அண்ணி கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொன்றாக நகர்த்தினார். முதல் படம் அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லவே பயமாக இருக்கிறது, ஆனால் அழகாகத்தான் இருந்தது. அடுத்ததும் அதே கண், அதே வாய். அதற்கடுத்ததும் அதே. போகப் போக உதடு மட்டும் கறுத்துக்கொண்டு போனது. அண்ணியைத் திட்டத்தான் வந்திருந்தாள். ஒவ்வொரு படத்துக்கும் அவள் மூச்சு பெரிதாகிக்கொண்டே போனது எனக்குக் கேட்டது. பிறகு சட்டென்று அது அடங்கிவிட்டது. அவள் பார்வை குழந்தையை விட்டு மேலே போயிருந்தது. எல்லாப் படத்திலும் குழந்தையின் தலைக்கு மேலே அவள் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணி சொல்லிக்கொடுத்தபடி, வாய் மூடி, கண் எல்லாம் சிரிப்பாக.

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"இவரு இப்ப ஆட்டோ எடுக்கப் போறதே இல்ல, சேச்சி. பிள்ளை உறங்கினா பக்கத்துல உக்காந்து மூக்குக்குக் கீழ விரல் வெச்சிட்டே இருக்காரு. நான் பாத்துக்கறேன்னு சொன்னாலும் கேக்க மாட்டாரு." திரையைக் காட்டினாள். "இதப் பாத்தா அந்த மனுஷன் தீர்ந்துபோவாரு. அழிச்சிடுங்க. என் கண்ணு முன்னாலயே."

அண்ணி அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தார், அழுத்தவில்லை. அவள் தன் கையை அண்ணியின் கைமேல் வைத்து அழுத்தினாள். கடைசிப் படத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போயின. முதல் படத்தில் அவள் கை நின்றது. அதில் குழந்தைக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அதையாவது வைத்துக்கொள்ளலாமே என்று நான் நினைத்தேன். அவள் அதையும் அழுத்தினாள். "அவரு கேட்டா, ஒண்ணும் பதியலன்னு சொல்லுங்க" என்றாள். படியிறங்கும்போது என்னைப் பார்த்து, "பேடிக்காதீங்க சேட்டா, பயப்பட ஒண்ணுமில்ல, அவ சுகமா இருக்கா" என்றாள்.

அதன் பிறகு அண்ணி குழந்தைகளை எடுத்தார், ஆனால் நீலத் திரையைக் கழற்றிவிட்டார். கொஞ்ச காலத்தில் கோயம்புத்தூரில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். போகும்போது கேமராவை என்னிடம் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

இப்போது நான்தான் எடுக்கிறேன். யாரையும் பேசாமல் இருக்கச் சொல்வதில்லை. அறை முழுக்கச் சத்தமாக இருக்கும். யாராவது கை தட்டுவார்கள், யாராவது பாடுவார்கள், பிள்ளை அழும், நான் அழவிடுவேன். படங்களைப் பார்த்துவிட்டு, "சேச்சி எடுத்தது மாதிரி இல்லையே" என்று பழைய ஆட்கள் சொல்கிறார்கள். எனக்கும் தெரியும். எந்தக் குழந்தைக்கும் ஏதோ ஒரு நேரம் சத்தமெல்லாம் கேட்காததுபோல ஆகி, கண் விரிந்து, வாய் திறந்து, ஓர் அமைதி வந்துவிடுகிறது. அண்ணி காத்திருந்த முகம் அதுதான். அது வரும்போதெல்லாம் நான் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, அதன் வயிறு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.