போனையும் கவனிக்கச் சொன்ன மாமா

இப்போது எங்கள் அலுவலகத்துக்கும் ஒருவர் வந்து கண்ணை மூடு, மூச்சைக் கவனி என்கிறார். எல்லாரும் சாதுவாக இருந்து கேட்கிறார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வருகிறது. காரணம் என் தாய்மாமன்.

அம்மாவின் தம்பியான அவர் ஓர்ஸ் ஹில் வீட்டில் எங்களோடுதான் இருந்தார். கொழும்பில் ஏதோ தியான வகுப்புக்குப் போய் வந்தார், வீட்டில் நிம்மதி போயிற்று. கதவைச் சாத்தினால் சாத்துவதைக் கவனிக்க வேண்டுமாம். பல்லுத் தீட்டினால் பல்லை மட்டும் நினைக்க வேண்டுமாம். சாப்பிடும்போது கதை இல்லை, டிவி இல்லை. "சோத்தைப் பார், பிள்ளை" என்பார். பார்த்தேன். சோறு சோறாகத்தான் இருந்தது.

அதையெல்லாம் பொறுத்தேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை!

அப்பாவுக்குக் கட்டாரில் வேலை. வெள்ளிதான் லீவு. நாங்கள் பகல் சாப்பிடும் நேரம் பார்த்து, டெலிபோன் பூத்தில் வரிசையில் நின்று போன் எடுப்பார். தவறினால் அடுத்த வெள்ளிதான். எனக்கோ பள்ளிக்கூட பேண்ட் குழுவில் இடம் கிடைத்திருந்தது. நாங்கள் வாசிக்கப்போகிற விளையாட்டுப் போட்டிக்கு வந்துவிடுங்கோ என்று சொல்ல ஒரு கிழமையாகக் காத்திருந்தேன்.

சோற்றில் சொதி விடும்போது போன் மணி அடித்தது. எழும்பினேன். மாமா கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு. சத்தம் வருது, போகும். கவனிச்சாலே காணும்."

"ஐயோ, அது அப்பா!"

"ஓம். சாப்பிடு."

இப்படியும் ஒரு மனுசன் இருப்பானா? அதுவரை போனுக்குச் சட்டமே இருந்ததில்லை. அம்மாவைப் பார்த்தேன். போன் அடித்தால் கறி அடிப்பிடித்தாலும் விட்டுவிட்டு ஓடுகிறவ, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டா. மணி ஓய்ந்தது. நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளி விழுத்தினேன். "எங்கட வீட்டை விட்டுப் போங்கோ!" என்று கத்தினேன். மாமா நிலத்தில் கிடந்த சோற்றை அள்ளினார். அவருக்கு வெட்கம் ரோசம் ஒன்றும் இல்லை என்றே நினைத்தேன்.

நான் பெரியவளான பிறகுதான் அம்மா சொன்னா. முந்திய வெள்ளி அப்பா, இன்னும் இரண்டு வருசம் இங்கேயே நிற்கட்டா, அடுத்த முறை பதில் சொல்லு என்று கேட்டிருந்தாராம். வீட்டு நிலைமைக்கு வேண்டாம் என்று சொல்ல ஏலாது. நில்லுங்கோ என்று சொல்ல வாயும் வரவில்லை. "இண்டைக்கு மட்டும் பிள்ளையை அந்தப் போனை எடுக்க விடாதே" என்று தம்பியிடம் அழுதிருக்கிறா.

அதை என்னிடமும் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சின்னப் பிள்ளை என்றால் மரக்கட்டையா?

அடுத்த வெள்ளி அம்மா என்னை முற்றத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் போனை எடுத்தா. நில்லுங்கோ என்ற பதிலைச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டுத் தந்தா. நான் விளையாட்டுப் போட்டிக்குக் கட்டாயம் வரச் சொன்னேன். அப்பா மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. தடிமனாக்கும் என்று நினைத்து, கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொன்னேன்.