ஏழு டின் கோப்பி

மலாக்காவின் காஜா பேராங்கில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு எதிரே ஒரு சீனர் கோப்பிக் கடை. மூத்தவள் பிறந்து மூன்று மாதத்தில் அந்தக் கடையின் பெரிய வாடிக்கை நான்தான். காலி பால் டின்னில் ஊற்றிக் கயிறு கட்டித் தருவார். விடிந்ததும் ஒன்று, கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பியதும் ஒன்று, அப்புறம் மனசு கனக்கிறபோதெல்லாம் ஒன்று. மனசோ நாளெல்லாம் கனத்தது. ஏழு வரைக்கும் போகும்.

ஏன் கனத்தது என்று கேட்டால் பதில் இல்லை. புருஷன் தங்கமானவர், பிள்ளை நல்லபடியாய்ப் பிறந்தாள், பானையில் அரிசி இருந்தது. ஒரு காரணமாவது இருந்திருந்தால் கௌரவமாக அழுதிருப்பேன். காரணமில்லாமல் அழுகிறவளை ஊரில் என்ன சொல்வார்கள்? கொழுப்பு என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அதனால் அழுகை முட்டும்போதெல்லாம் டின்னைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

பிள்ளை தூங்கவில்லை. பட்டப்பகலிலும் கொட்டக் கொட்ட விழித்திருந்து வீறிடுவாள். எங்கே பார்த்தாலும் மெர்டேக்கா, சுதந்திரம் என்று பேச்சாக இருந்த நேரம் அது. "நாடே முழிச்சிக்கிட்டு இருக்கு, இவ முழிச்சிருந்தா என்னாவாம்?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கத்தானே செய்வார், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போகிறவர்!

எனக்குச் சந்தேகம் பக்கத்து வீட்டுக்காரர் மேல். தலைமுறை தலைமுறையாக மலாயே பேசும் மலாக்கா செட்டிப் பெண். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய மலாய். என்னைவிட இரண்டு வயசு மூத்தவர், அதனால் மலாய்க்காரர்கள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி 'காக்' என்பேன். பிள்ளையின் கண்ணைப் பார்த்து "அழகு, அழகு" என்று அவர் சொன்ன மறுவாரம்தான் தூக்கம் போனது. போதாதா எனக்கு? கன்னத்தில் ஒரு மைப் பொட்டு, நெற்றியில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று. பிள்ளையின் முகத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். கண் பட்டிருந்தால் நெடி வராது என்பார்கள். வந்த நெடியில் தெருவே இருமியது. விடுவேனா? மிளகாய் சரியில்லை என்று முடிவுகட்டினேன். காக் வந்தால், பிள்ளை தூங்குகிறாள் என்று கதவைச் சாத்துவேன். உள்ளே அவள் போடுகிற சத்தம் ஜாலான் துக்காங் எமாஸ் தெருக் கோயில் பிள்ளையாருக்கே கேட்டிருக்கும்.

ஒருநாள் முற்பகலில் காக் பின்வாசல் வழியாக வந்துவிட்டார். அடுப்படியில் அன்றைய காலி டின்கள் நாலு கிடந்தன.

"இத்தனையும் நீயா குடிச்சே? பால் குடுக்கிறவ நீ. பிள்ளைக்கும் அதுதானே போகும், எப்படித் தூங்கும்?" என்றார் மலாயில்.

எனக்கு வந்ததே கோபம்! கண் வைத்தவர் எனக்குப் புத்தி சொல்வதா? "கோப்பி குடிச்சாத்தான் இவளைத் தூக்கவே மனசு வருது!" என்று என் அரைகுறை மலாயில் கத்தினேன். திட்டத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. இதுவா வந்து விழ வேண்டும்? பெற்ற பிள்ளையைத் தூக்கப் பிடிக்காதவள் என்று நானே தண்டோரா போட்டுவிட்டேன். உடம்பெல்லாம் கூசிப் போனது.

காக் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நீ போய்ப் படு," என்றார்.

அதன்பின் தினமும் மதியம் ஒரு மணி நேரம் பிள்ளை அவர் வீட்டில். நான் குளித்தேன், தூங்கினேன், சில நாள் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோப்பியை ஒவ்வொன்றாகக் குறைத்தேன். தலைவலி மண்டையைப் பிளந்தது. கோப்பிக்குப் பதிலாகக் காக் காய்ச்சித் தந்த பார்லித் தண்ணீரை மனுஷர் குடிப்பார்களா என்று முனகிக்கொண்டே குடித்தேன். வெயில் தாழ்ந்ததும் இரண்டு பேருமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டு வருவோம். பாரம் ஒரேயடியாக இறங்கிவிடவில்லை. பிள்ளை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கப் பழகினாள்.

அவளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது, வெட்கத்தை விட்டுச் சொன்னேன்: "காக், நீங்க கண்ணு வச்சதாத்தான் நான் நெனச்சேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"பிள்ளை அழுதுச்சு. நீயும் அழுதுக்கிட்டு இருந்தே," என்றார்.

அவர் மடியில் இருந்த பிள்ளை என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். அன்று விடிந்ததிலிருந்து நான் ஒரு சொட்டுக் கோப்பிகூடக் குடித்திருக்கவில்லை. தூக்க வேண்டும்போல் இருந்தது. தூக்கிக்கொண்டேன்.